சாணைக்கல்லின் சரித்திரம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், வழியில் வரும் ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பழைய சம்பந்தம் இருப்பதைக் காணலாம். பரங்கிமலை என்றால் பரங்கியர். திரிசூலம் என்றால் சிவபெருமான். பல்லாவரம் என்றால் பல்லவர். அதற்கு அடுத்த ஸ்டேஷன்தான் தகராறு. எந்தப் புராணத்திலும் இல்லாத, ரசாயன வகுப்பில் மட்டுமே கேட்கக்கூடிய பெயர் அது: குரோம்பேட்டை.

நான் வளர்ந்த ஊர் அதுதான். வெளியூர் உறவினர்கள் எழுதிய கடிதங்களில் அது குரும்பேட்டையாகவும், ரோம்பேட்டையாகவும், ஒரு முறை குறும்புப்பேட்டையாகவும் வந்து சேர்ந்தது. தபால்காரர் எதற்கும் அசரவில்லை. பெயருக்குக் காரணம் கேட்டால் பெரியவர்கள், "இங்கே ஒரு தோல் கம்பெனி இருந்தது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். தோல் என்றதும் மூக்கைச் சுளிப்பது எங்கள் தெரு வழக்கம். எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது என்பது வேறு விஷயம்.

கம்பெனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் தோல் பதனிடுவது நம் நாட்டு முறை. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற சாயத்தொழில் நிபுணர் குரோமிய உப்புகளைக் கொண்டு அதை வெகு விரைவில் முடிக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தோல் தண்ணீருக்கு அவ்வளவு சுலபமாக வசப்படாது. 1888-ல் இன்ஜினீயரிங் காலேஜ் புரொபசராகச் சென்னைக்கு வந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் இங்கே அந்த முறையைப் பரீட்சித்தார். பூட்ஸுக்காக அல்ல. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்கு! வருஷத்துக்கு வருஷம் அழுகிப்போகும் தோற்சாலுக்கு மாற்றுக் கண்டுபிடிக்க நினைத்தார் மனிதர். சர்க்கார் வியாபாரம் செய்யக்கூடாது என்று லண்டனிலிருந்த மந்திரி மார்லி பிரபு 1910-ல் முட்டுக்கட்டை போட்டதும், சர்க்கார் அந்தத் தொழிலைக் கைவிட்டது. அதன்பின் தனியார் வந்தார்கள். ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்குத் தெற்கே எழும்பியது. அதைச் சுற்றி ஒரு பேட்டையும் எழும்பியது. சேம்பர்ஸ் காலனி என்று அவர் பெயரில் அங்கே ஒரு பகுதிகூட உண்டு.

ரசாயனத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. முதலாளிக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆனால், பதனிட்ட தோல் தானாகச் செருப்பாகிவிடாது. அதை யாராவது வெட்ட வேண்டும். வெட்டுவதற்குக் கத்தி வேண்டும். கத்திக்குக் கூர் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு குற்றம் செய்து கற்றுக்கொண்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். எங்கள் வீட்டுப் பக்கம் ரயில்வே கேட்டருகில், ஒரு பூவரச மரத்தடியில், செருப்புத் தைக்கும் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு சாக்கு. அதன் மேல் குத்தூசி, நூல் கண்டு, மெழுகு, வார்த்துண்டுகள், இரும்புக் கட்டை, இரண்டு கத்திகள். கத்திகளைக் கடையில் வாங்கவில்லை அவர். இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடு உடைந்துபோனதை வாங்கி, முனையைச் சாய்வாகத் தேய்த்து, பிடிக்குத் துணி சுற்றி, அவரே செய்துகொண்டவை.

அன்று என் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். "பாத்துக்க தம்பி, ஒரு டீ சாப்ட்டு வந்துடறேன்" என்று அவர் எழுந்து போனார். என் கையில் பாதி சீவின கிட்டிப்புள் ஒன்று இருந்தது. எதிரே கத்தி இருந்தது. பிறகு என்ன நடந்திருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? மரத்துண்டு ஏதோ பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து எடுத்தது. உள்ளே ஒரு ஆணி இருந்திருக்கிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தியின் வாயில், எனக்கு அப்போது விழுந்திருந்த முன்பல்லைப் போலவே, ஒரு பொக்கை.

கிழவர் திரும்பி வந்தார். வையவில்லை. அடிப்பதற்கும் கை ஓங்கவில்லை. கத்தியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, கூரா இருக்கிற எடம் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கின எடந்தான் மின்னும். இங்க பாரு" என்று என்னிடம் காட்டினார்.

பார்த்தேன். பொக்கை விழுந்த இடம் மட்டும் வெள்ளி ஜரிகை மாதிரி பளபளத்தது.

காலை ஒன்பது மணி. ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள் வார் அறுந்தும் குதி கழன்றும் வந்து நிற்கிற நேரம். அவருக்கு நாளில் பாதிச் சம்பாத்தியம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். இன்னொரு கத்தி முரட்டுக் கத்தி. அடித்தோலை வெட்ட உதவுமே தவிர ஓரம் சீவ உதவாது. வந்தவர்களை, "அப்பறம் வாங்க சார்" என்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். அவர்கள் அப்புறம் வருவார்களா என்ன? கேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.

சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கருஞ்சாம்பல் நிறக் கல்லை எடுத்தார். அரக்கும் பொடியும் கலந்து இறுகின மாதிரி இருந்தது. நீரைத் தெளித்து, கத்தியை ஒரு சாய்வில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். பொக்கை விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம்தான் ஆகும். ஆகவே மீதி விளிம்பு முழுவதையும் அந்தப் பொக்கையின் ஆழத்துக்குக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நெல்லின் அகலத்துக்கு நான் செய்த சேதத்தைச் சரிக்கட்ட அவர் மூன்று விரல் அகலக் கத்தி முழுவதையும் தேய்க்க வேண்டியதாயிற்று. எந்தச் சாய்வில் ஆரம்பித்தாரோ அந்தச் சாய்வு கடைசிவரை மாறவே இல்லை. மணிக்கட்டு பூட்டுப் போட்ட மாதிரி நின்றது, முழங்கையிலிருந்துதான் அசைவு.

தெருவில் சாணை பிடிப்பவர் வருவாரே, அவரிடம் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாரே என்று நான் மெதுவாகச் சொன்னேன். எப்படியாவது அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

"அதுல பொறி பறக்கும். பொறியோட பதமும் பறந்துடும்" என்றார்.

பெரியவனான பிறகுதான் இதன் பொருள் விளங்கியது. வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த எஃகு மிருதுவாகிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. காய்கறிக் கத்திக்கு அது பெரிய நஷ்டமில்லை. செருப்பு வாரின் ஓரத்தைக் காகிதம் போல் சீவ வேண்டிய கத்திக்கு அது மரணம்.

தேய்த்துத் தேய்த்து ஒரு கட்டத்தில் நிறுத்தி, கத்தியின் மறுபக்கத்தில் என் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். ஏதோ மெல்லிய கம்பி தட்டுப்பட்டது. "பிசிர். இது வந்தாத்தான் அந்தப் பக்கம் முடிஞ்சிதுன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு வேறு ஒரு வழுவழுப்பான கல். அதன்பின் மடியில் ஒரு தோல்துண்டை மல்லாத்திப் போட்டு, கூரை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்து, இப்படியும் அப்படியுமாக ஐம்பது அறுபது முறை. நாவிதர் வாரில் சவரக்கத்தி தீட்டுவது போலத்தான்.

கூர் வந்த பிறகும் இத்தனை மெருகு எதற்கு என்று கேட்டேன். தோல் மரம் மாதிரி பிளந்து கொடுக்காது என்றார் அவர். அது பஞ்சு மாதிரி நாராலான வஸ்து. கத்தியின் சரிவில் கீறல்கள் இருந்தால் ஒவ்வொரு நாரும் அதைப் பிடித்து இழுக்கும். கோடு கோணிக்கொண்டு போகும். கண்ணாடி மாதிரி இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். இதைச் சொல்லிவிட்டு ஒரு வார்த்துண்டை எடுத்து, ஓரத்தைச் சீவினார். வெங்காயச் சருகு போல ஒரு சுருள் சத்தமே இல்லாமல் கழன்று விழுந்தது. அதுதான் பரீட்சை. கட்டை விரலில் தடவிப் பார்ப்பதெல்லாம் சினிமாவில்.

மணி பத்தரை ஆகிவிட்டது. என்னிடம் எட்டணா இருந்தது. நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. என் செருப்பைத் தைத்து முடித்து, அதற்குரிய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது, "இது என்ன கல்லு, தாத்தா?" என்று கேட்டேன்.

"குருந்தக்கல்லு" என்றார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு நாவலுக்காகப் பழைய சென்னையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, லைப்ரரியில் அந்தச் சொல் என் முன் வந்து நின்றது. கோட்டையில் எட்வர்ட் பல்க்லி என்று ஒரு கம்பெனி டாக்டர் இருந்தார். செடி கொடி, கல், கிளிஞ்சல் என்று கண்டதையெல்லாம் சேகரித்துச் சீமைக்கு அனுப்புவது அவருக்கு ஒரு பித்து. அப்படி அனுப்பிய கற்களில் சில ஜான் உட்வர்ட் என்ற பண்டிதரிடம் போய்ச் சேர்ந்தன. 1720-களில் வெளியான உட்வர்டின் பட்டியலில் 'நெல்லா கொரிவிண்டம்' என்று ஒரு கல் இடம் பெற்றிருக்கிறது. நெல் விளையும் வயல்களில் எலிகள் வளை தோண்டும்போது அது வெளியே வருமாம். இரும்பைத் தேய்த்து மெருகேற்ற அந்த ஊர்க்காரர்கள் உபயோகிக்கிறார்களாம். எனக்குக் கை நடுங்கியது என்று எழுதினால் கதாசிரியனின் மிகை என்பீர்கள். ஆனாலும் நடுங்கத்தான் செய்தது.

அந்த நூற்றாண்டின் கடைசியில், 1798-ல், சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியில் இந்தக் கல்லைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். சென்னையில் இருந்த டாக்டர் ஆண்டர்சன் போன்றவர்கள் அனுப்பிய மாதிரிகள் அவருக்கு உதவின. அதற்குப் பிறகு உலகமெங்கும் ரசாயனப் புத்தகங்களில் அந்தக் கனிமத்தின் பெயர் 'கொரண்டம்'. நம் குருந்தம்! அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். வைரத்துக்குப் பத்து, இதற்கு ஒன்பது. எஃகைத் தேய்த்துக் கரைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதில் வேடிக்கையும் உண்டு. மாணிக்கமும் நீலமும் இதே குருந்தம்தான் என்பது தெரிந்தபோது ஐரோப்பியப் பண்டிதர்கள் வியந்தார்கள். நம் பழைய தமிழில் குருவிந்தம் என்றால் மாணிக்கத்தில் ஒரு ஜாதி. சாணைக்கல்லுக்கும் ராஜாக்களின் மோதிரக்கல்லுக்கும் ஒட்டின பெயரை வைத்தவன் யாரோ, அவன் கண் கெட்டிக்காரக் கண்தான். மாணிக்கம் ஏன் சிவப்பாக இருக்கிறது தெரியுமா? குருந்தத்தில் துளி குரோமியம் கலந்திருப்பதால். பாரிஸில் வோக்கலின் என்பவர் குரோமியத்தைக் கண்டுபிடித்தது 1797-ல். லண்டனில் கிரெவிலின் கட்டுரை அதற்கு அடுத்த வருஷம். ஒரு சொல் இங்கிருந்து அங்கே போயிற்று. நூறு வருஷம் கழித்து இன்னொரு சொல் அங்கிருந்து வந்து எங்கள் ஊரின் தலையில் உட்கார்ந்துகொண்டது. போன சொல்லை நாம் மறந்துபோனோம். வந்த சொல்லை ஸ்டேஷன் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

பல்க்லியிடம் அந்தப் பெயரைச் சொன்னவர் யார்? வயலில் அதைப் பொறுக்கியவரா, கத்தி தீட்டியவரா? டாக்டரின் பெயர் இருக்கிறது, பண்டிதரின் பெயர் இருக்கிறது, எலிகூட ஏட்டில் ஏறிவிட்டது. கல்லைக் கையில் எடுத்து, "ஐயா, இதற்குப் பெயர் இது" என்று சொன்ன ஆளுக்கு மட்டும் அதில் இடமில்லை.

பழைய நாளில் குருந்தத்தைப் பொடித்து, அரக்கை உருக்கி அதில் கலந்து, சக்கரமாக வார்ப்பார்கள். அதன் அச்சில் ஒரு வாரைச் சுற்றி ஒருவர் இப்படியும் அப்படியும் இழுக்க, இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார். வார் என்ன வார்? தோல்வார்தான். தோலை வெட்டும் கத்தியைத் தீட்டவும் தோல் வேண்டியிருந்தது. குருந்தம் கிடைக்காத இடங்களில் வெங்கச்சங்கல்லைப் பொடி செய்து பலகையில் தூவித் தீட்டினார்கள். பனையேறிகளின் பாளை அரிவாள் அப்படித் தீட்டப்பட்டதுதான்.

எஃகு வருவதற்கு முன்? கல்லே கத்தி. அதற்கும் வெகுதூரம் போகவேண்டாம். குரோம்பேட்டைக்கு வடக்கே ஒரே ஒரு ஸ்டேஷன். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி, பல்லாவரத்துப் பட்டாளத்து மைதானத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில், ராபர்ட் புரூஸ் பூட் என்ற இளம் நிலவியல் அதிகாரி குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இயற்கையாக உடைந்த கல் அல்ல. மனிதக் கை செதுக்கிய கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அதே வருஷம் அவர் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். பூட் தம் வாழ்நாளில் சேர்த்த சேகரிப்பை எழும்பூர் மியூசியம் 1904-ல் வாங்கிக்கொண்டது.

மியூசியத்தில் அப்படிப்பட்ட கருவிகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளிம்பு முழுவதும் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருக்கும். அதுதான் தீட்டுவது. மழுங்கினால் தேய்க்கமாட்டான் அந்த மனிதன். ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, புது விளிம்பை வெளியே கொண்டு வருவான். விலங்கை அறுக்கவும் தோலை உரிக்கவும் அவனுக்கு வேண்டியிருந்தது. கிழவர் செய்த வேலைதான். விளிம்பு போனால், மீதி எல்லாவற்றையும் அதற்காகக் குறைத்துக்கொள்வது.

ஆலைகள் வந்த பிறகு கத்திகள் பெரிதாயின. மரக்கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த நீண்ட கத்தியால் சவ்வைச் சீவி எடுப்பார்கள். அதில் ஒரு வகைக் கத்திக்கு, விளிம்பை உருக்குக் கம்பியால் அழுத்தி ஒரு பக்கமாக மடித்தே விட்டிருப்பார்கள். மடிந்த அந்த நுனிதான் சீவும். விரலிடுக்கில் சிறு கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே அடிக்கடி அந்த மடிப்பை நிமிண்டிச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். பிறகு தோலை இரண்டு ஏடாகப் பிளக்கும் இயந்திரம் வந்தது. முடிவில்லாமல் ஓடும் ஒரு நாடாக் கத்தி. ஒரு பக்கம் தோலைப் பிளந்துகொண்டே, மறுபக்கம் சாணைச் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து தன்னைத் தீட்டிக்கொண்டும் இருக்கும். அதற்கு டீ சாப்பிடக்கூட நேரம் இல்லை.

கத்தியைத் தீட்டினால் போதுமா? காப்பாற்ற வேண்டாமா? இதிலும் நான் அசடு வழிந்திருக்கிறேன். பொக்கை விழுந்த சம்பவத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு, மனசு கேட்காமல், அப்பாவின் பழைய கத்தரிக்கோல் உறை ஒன்றைக் கொண்டுபோய்க் கிழவரிடம் கொடுத்தேன். நல்ல தோலுறை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தோல வெட்டற கத்திய தோலுக்குள்ள தூங்க வெச்சா துரு பிடிச்சிடும் தம்பி."

வாஸ்தவம். பதனிட்ட தோலில் உப்பும் புளிப்பும் மிச்சம் இருக்கும். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலானால் இன்னொரு வம்பும் உண்டு. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. துரு ஒட்டின ஈரக்கத்தியை அந்தத் தோலில் வைத்தால் அழியாத கறை விழும். ஆகவே கிழவர் சாயங்காலம் கடை கட்டும்போது கத்தியை உலரத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணியில் சுற்றித்தான் வைப்பார். என் உறையை வீணாக்கவில்லை. அதில் பீடி வைத்துக்கொண்டார்.

துருவுக்குப் பரிகாரமும் குரோமியத்திடமே இருந்தது. 1913-ல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கில் சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்து துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். எங்கள் ஊர்க் கம்பெனி பிறந்த காலமும் ஏறக்குறைய அதுதான். கத்திக்குக் கடைசி மெருகு கொடுக்க இன்று வாரில் பூசுகிறார்களே ஒரு பச்சைப் பசை, அதுவும் குரோமிய ஆக்ஸைடு. தோலைப் பதனிடவும் குரோம், கத்தியை மெருகிடவும் குரோம், துருவைத் தடுக்கவும் குரோம். இருந்தாலும் கிழவரைப் போன்றவர்கள் பழைய கரி எஃகையே விரும்பினார்கள். துருப்பிடிக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டுக் கல்லில் சீக்கிரம் கூராகும்.

குருந்தத்தின் கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் மின்சார உலையில் புதிதாக ஒரு கடினமான பொருளை உண்டாக்கினார். கரியும் குருந்தமும் கலந்தது என்று தவறாக நினைத்து, 'கார்பன்', 'கொரண்டம்' இரண்டையும் ஒட்டி 'கார்பரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அதில் குருந்தம் துளியும் இல்லை, கரியும் சிலிக்கனும்தான். தப்பாகப் பிறந்த பெயர் கம்பெனியின் பெயராகி, 1954-ல் முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து, 'கார்பரண்டம் யுனிவர்சல்' என்று திருவொற்றியூருக்கே வந்து இறங்கிற்று. பல்க்லியின் கோட்டைக்குச் சில மைல் வடக்கே.

போன மாதம் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கல்லா அருகே இருந்த பையனிடம், "குருந்தக்கல் இருக்கா, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அதெல்லாம் நாட்டு மருந்துக் கடையில கேளுங்க, சார்."

"கத்தி தீட்டற கல்லுப்பா. கார்பரண்டம்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சட்டென்று எடுத்து மேஜை மேல் வைத்தான். ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கத்துல மொதல்ல தேய்க்கணும்னு தெரியுமில்ல, சார்?" என்றான்.

தெரியும் என்றேன்.